நாலு வரி ஸ்டேட்டஸ், நாற்பது பக்க வரலாறு: வாசகரைத் தேடும் தங்கவயல்

'கே.ஜி.எஃப்' என்று கைபேசியில் தட்டிப் பாருங்கள். தாடியோடு நடிகர் யஷ் வருவார். கரிப்புழுதி பறக்கும் சண்டை வரும். வசனத்துக்கு வாயசைக்கும் ரீல்ஸ் வரிசைகட்டி வரும். விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனால்தான், கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் அந்தப் பெயரில், தமிழில் கோலார் தங்கவயல் என்று, ஒரு ஊர் இருப்பதும், அங்கே மனிதர்கள் குடியிருப்பதும் தெரியவரும். 2018 டிசம்பரில் பிரசாந்த் நீலின் படம் வந்தது. 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகம். அது கற்பனைக் கதை. எடுத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு படங்களுக்குப் பிறகு, ஒரு ஊர் தன் பெயரைச் சொல்லித் தன்னைப் பற்றிப் பேச முடியாமல் போயிற்று. தங்கவயலைப் பற்றி எழுதும் தங்கவயல்காரர் எவருக்கும் முதல் இடைஞ்சல் இதுதான்.

எழுதாமல் இல்லை அவர்கள். சுரங்கம் மூடப்பட்ட நாளான பிப்ரவரி 28 வந்தால் போதும், பழைய சுரங்க ஷாஃப்ட்டின் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். தலையில் விளக்குத் தொப்பியோடு அப்பா நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டு வாசலில் எடுத்த கல்யாணப் படம், பள்ளிக்கூடத்து நண்பர் கூட்டம் எல்லாம் ஃபேஸ்புக்கில் உண்டு. நாலு வரி எழுதி, நாலு பேரை 'டேக்' செய்து, மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த நாலு வரிக்குப் பின்னால் நாற்பது பக்க வரலாறு இருக்கிறது. ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த நாற்பது பக்கத்துக்கு வருகிறார்கள்? வரவைக்க வழி உண்டா?

உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் பதில். இதே ஊர் நூறு ஆண்டுக்கு முன்பு அதைச் செய்து காட்டியிருக்கிறது, கைபேசி இல்லாமல்.

இருட்டில் கிளம்பும் ரயில்

யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் வாசகரைத் தேட முடியாது. ஆகவே ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி இங்கே கால்வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பகுதி தலித் மக்கள். ஊரில் பண்ணையாரின் நிலத்தில் கைகட்டி நின்றவர்கள், இங்கே பூமிக்குள் இறங்கிக் கூலி வாங்கினார்கள். சாம்பியன் ரீஃப், மைசூர் மைன், நந்திதுர்க், உரிகம் என்று சுரங்கங்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் போயிற்று. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. நூற்றிருபது ஆண்டில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வேலை போயிற்று.

அதற்குப் பிறகு தங்கவயலின் வேலை பெங்களூரில். மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போய், கட்டடத்திலும் கம்பெனியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்துவிட்டு, இரவு திரும்புகிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகனும் பேத்தியும் அந்த ரயிலில் நின்றுகொண்டுதான் கைபேசியைப் பார்க்கிறார்கள். தங்கவயல் எழுத்தின் இயல்பான வாசகர் அவர்தான். இடம் கிடைக்காத ரயில் பெட்டியில், ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையின் கட்டைவிரலால் தள்ளிப் படிப்பவர். அவருக்காக எழுதுகிறோம் என்ற நினைவு வந்தாலே ஸ்டேட்டஸின் பாதி மாறிவிடும்.

திறக்கப்படாத சுட்டிகள்

'என் புதிய கட்டுரை, படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்' என்று எழுதிக் கீழே ஒரு சுட்டி. பெரும்பாலானோர் செய்வது இதுதான். இதில் ஏன் பலனில்லை என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது.

2016-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தாரும் பிரான்சின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து ட்விட்டரில் பகிரப்பட்ட செய்திச் சுட்டிகளைப் பரிசோதித்தார்கள். 59 சதவீதச் சுட்டிகளை ஒருவர்கூடத் திறக்கவில்லை. 2024 நவம்பரில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எஸ். ஷியாம் சுந்தரும் உடன் ஆய்வாளர்களும் ஃபேஸ்புக் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றரைக் கோடிப் பொதுப் பதிவுகளை அலசியதில், சுட்டியைப் பகிர்ந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்காமலே பகிர்ந்திருந்தார்கள். நமக்கு விழும் 'லைக்'கும் 'ஷேரும்' வாசிப்பின் அளவுகோல் இல்லை என்பது இதனால் உறுதியாகிறது. இருநூறு பேர் இதயம் போட்டார்கள் என்று மகிழ்கிறவர், அதில் எத்தனை பேர் இரண்டாம் பத்தியைத் தாண்டினார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கம்பெனிகளும் நமக்கு உதவப்போவதில்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்ற தன் கணக்கை மாற்றி, நண்பர், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னிடம் கொடுத்தது. பத்திரிகைகளின் பதிவுகள் பின்னால் போயின. 2023 அக்டோபரில் எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளம், சுட்டியோடு வரும் தலைப்பையே சில காலம் எடுத்துவிட்டது. வெறும் படம் மட்டும் தெரிந்தது. தங்கள் வீட்டுக்குள் நுழைந்தவர் வெளியே போகக் கூடாது என்பதே அவர்கள் வியாபாரம். அங்கே நின்றுகொண்டு 'வெளியே வாருங்கள்' என்று கூப்பிடுவதுதான் நம் வேலை. சுலபமாக நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆனாலும் அந்த 2016 ஆய்வில் மனதுக்குத் தெம்பு தரும் விஷயம் ஒன்று உண்டு. திறக்கப்பட்ட சுட்டிகளில் பெரும்பகுதி, பத்திரிகை நிறுவனங்கள் தாங்களே போட்டவை அல்ல. சாதாரண வாசகர்கள் தம் வட்டத்தில் பகிர்ந்தவை. வாசகரை வாசகர்தான் கொண்டுவருகிறார். இந்த இடத்தில்தான் தங்கவயலின் பழைய கதை ஆரம்பிக்கிறது.

காலணாத் தாள்

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை ராயப்பேட்டையில் சித்த மருத்துவர் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைத் தொடங்கினார். நாலு பக்கம். விலை ஒரு பைசா, அதாவது காலணா. இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. யாருக்கான தாள், என்ன விலை என்ற இரண்டையும் தலைப்பே சொல்லிவிட்டது. ஓராண்டு கழித்து, 1908 ஆகஸ்டில், வாசகர்களின் விருப்பத்தை ஏற்றுப் பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது.

அயோத்திதாசர் 1898-ல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றுத் திரும்பியவர். அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகளில் வலுவானது கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் கிளை. பெங்களூர், திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்க் கூலிகள் போன இடமெல்லாம் கிளை இருந்தது. கிளை இருந்த இடமெல்லாம் 'தமிழன்' போயிற்று. பத்திரிகையை வாங்கியவர் ஒருவர் என்றால், கேட்டவர் பலர். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் அந்தக் காலத்தின் பத்திரிகை வாசிப்பு. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடித்து வந்த ஆட்களுக்கு வேறு வழியும் கிடையாது.

அந்த நாலு பக்கத்தை எப்படி நிரப்பினார் என்பதுதான் நமக்கு வேண்டியது. செய்தித் துணுக்குகள் இருந்தன. மருத்துவக் குறிப்பு இருந்தது. வாசகர் கேட்ட கேள்விக்கு நேரடியான விடை இருந்தது. எந்த ஊரிலிருந்து யார் கேட்டார் என்பதோடு. இவற்றுக்கு நடுவே, வாரவாரம் கொஞ்சம் கொஞ்சமாக, அவருடைய பெரிய நூல்கள் தொடராக வந்தன. புத்தரின் வரலாற்றைச் சொல்லும் 'பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்' அப்படி வந்தது. 'இந்திரர் தேச சரித்திரம்' அப்படி வந்தது. எளிய ஆள் ஒருவர் எடுத்த எடுப்பில் கையில் எடுக்கும் நூல்கள் அல்ல அவை. தன் ஊர்ச் செய்திக்காகவும் தன் கேள்விக்கான பதிலுக்காகவும் காலணாத் தாளைப் பிரித்தவர், பக்கத்துப் பத்தியில் இருந்த வரலாற்றுக்குள் போனார். அடுத்த புதன்கிழமை அதன் தொடர்ச்சிக்காகவே வாங்கினார்.

துணுக்கு வெறும் தூண்டிலாக இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தத் துணுக்கைப் படித்துவிட்டு நிறுத்தியவருக்கும் ஏதோ ஒன்று முழுதாகக் கிடைத்தது. மருந்து தெரிந்தது, சேதி தெரிந்தது, சந்தேகம் தீர்ந்தது. 'மீதியை உள்ளே காண்க' என்று ஏமாற்றவில்லை. காலணாவுக்கு மதிப்புக் கொடுத்த இதழ் என்பதால் அதன் நீண்ட எழுத்தையும் நம்பினார்கள்.

1914 மே 5 அன்று அயோத்திதாசர் மறைந்தார். அவர் மகன் பட்டாபிராமன் சில காலம் நடத்தினார். பிறகு இதழ் நின்றது. அதை 1926-ல் மறுபடி உயிர்ப்பித்தது கோலார் தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து, 1930களின் நடுப்பகுதி வரை இங்கிருந்தே 'தமிழன்' வந்தது. வாசகராக இருந்த ஊர், பத்திரிகை நடத்தும் ஊராக மாறியது. வாசகர் தேடும் எவரும் இதைவிடப் பெரிய வெற்றியை நினைத்துப் பார்க்க முடியாது.

சுரங்கத்துக்குள் ஓடிய சேதி

சேதி பரவுவதில் தங்கவயலுக்கு ஒரு தனித் திறமை இருந்தது. 1930-ல் தொழிலாளர்கள் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. கைரேகை குற்றவாளிக்குத்தானே என்று கொதித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. அதை நடத்தப் பெரிய தொழிற்சங்கம் எதுவும் அப்போது இல்லை. முன்னால் நின்ற ஒரு தலைவர் பெயரைச் சொல்வதும் கடினம். லைனிலிருந்து லைனுக்கு, ஷிஃப்ட்டிலிருந்து ஷிஃப்ட்டுக்கு வாய்வழியே போன சேதிதான் அத்தனை பேரையும் நிறுத்திவைத்தது. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர், 1998-ல் வெளிவந்த 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' நூலில் இந்தப் போராட்டத்தை விரிவாக எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் இருக்கிறது. தங்கவயல் ரயிலில் நிற்கும் பேத்திக்கு அது எட்டவில்லை.

அவருக்கு எட்டும்படி எப்படிச் சொல்வது? 'உன் கொள்ளுத்தாத்தா 1930-ல் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. ஏன் தெரியுமா? கைரேகை கேட்டார்கள்.' இவ்வளவுதான் ஸ்டேட்டஸ். பயோமெட்ரிக் இயந்திரத்தில் விரல் வைத்து வேலைக்குள் நுழைகிறவர் இதைப் பார்த்ததும் நிற்பார்.

இன்னொன்று. பெங்களூர் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். தங்கவயல் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது 1902 ஜூன் 30-ல். காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து. அன்றைக்கு உலகிலேயே மிக நீண்ட மின்தடங்களில் ஒன்று அது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஊர், ஒருகாலத்தில் பெங்களூருக்கு முந்தி வெளிச்சம் பார்த்தது. இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் ஒருவர் நிமிர்ந்து நடப்பார்.

இன்னும் ஒன்று, அறிவியல் பிடித்த பிள்ளைகளுக்கு. 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து கருவிகளை வைத்தார்கள். காற்றுமண்டலத்தில் உருவாகி பூமியை ஊடுருவி வரும் நியூட்ரினோக்களை அங்கே பதிவுசெய்தார்கள். உலகில் அதை முதலில் பதிவுசெய்த இரண்டு குழுக்களில் ஒன்று தங்கவயலில். மற்றது தென்னாப்பிரிக்காவில், அதுவும் ஒரு தங்கச் சுரங்கத்தில். விஞ்ஞானிகள் எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் பெயர்களை உலகம் அறியும். அந்தக் கருவிகளைக் கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் ஏற்றிக் கீழே இறக்கியவர்கள் நம் லைன்களில் இருந்தவர்கள். அவர்கள் பெயரைத் தேடிப்போகும் நீண்ட கட்டுரை ஒன்று இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.

மூன்றையும் கவனித்தால் பொதுவாக ஒன்று தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆண்டு இருக்கிறது, ஒரு இடம் இருக்கிறது, படிக்கிறவருக்கும் அதற்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. 'மறக்க முடியாத தங்கவயல் நினைவுகள்' என்று பொதுவாக எழுதும்போது இந்த மூன்றும் கிடையாது. ஆகவே அது யாருக்கும் சொந்தமில்லாத வரியாகப் போய்விடுகிறது.

எண்ணைச் சேமித்தவரும் பதில் போட்டவரும்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 2017 பிப்ரவரியில் வந்தது. இருபத்துநாலு மணி நேரத்தில் மறைந்துவிடும். நம் எண்ணை அவர் சேமித்திருக்க வேண்டும், அவர் எண்ணை நாம் சேமித்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் கண்ணில் படும். இது குறை என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஃபேஸ்புக்கில் ஆயிரம் பேர் கண்ணில் படுவதைவிட, நம் எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்துக்கொண்ட எண்பது பேர் மேல். அந்தக் காலத்துச் சந்தாதாரர் பட்டியலுக்கு இன்று அதைவிட நெருங்கிய வடிவம் கிடையாது. எழுதுகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கூட்டத்திலும் சாவு வீட்டிலும் கல்யாணத்திலும் சந்திக்கிற ஊர்க்காரரிடம் எண்ணைக் கொடுத்து, 'சேமித்துக்கொள்ளுங்கள், ஊர்க்கதை போடுகிறேன்' என்று சொல்வது.

சுட்டியைவிட நல்ல வழியும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஸ்டேட்டஸுக்குப் பதில் போட்டால் அது தனிச் செய்தியாக நம்மிடம் வந்து விழும். 'முழுக்கதை வேண்டுமென்றால் "வேண்டும்" என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்' என்று கடைசி வரியில் போட்டுப் பாருங்கள். கேட்டவருக்கு மட்டும் நீண்ட எழுத்தை அனுப்புங்கள். வாய்விட்டுக் கேட்டு வாங்கியதை மனிதர் படிப்பார். படித்தவரிடம் இரண்டு நாள் கழித்து, 'உங்கள் வீட்டில் யார் எந்த ஷாஃப்ட்?' என்று கேட்கலாம். அவர் சொல்வதை அடுத்த ஸ்டேட்டஸில், அவர் சம்மதத்தோடு, போடலாம். 'தமிழன்' இதழில் தன் கேள்வி அச்சில் வந்ததைப் பார்த்த மாரிக்குப்பத்து வாசகருக்கு இருந்த அதே உரிமை இவருக்கும் வந்துவிடும். பிறகு பகிர்வது அவர் வேலை; நாம் கெஞ்ச வேண்டியதில்லை.

தமிழ் பேசத் தெரிந்து, வாசிக்கத் தெரியாத ஒரு தலைமுறையும் தங்கவயலில் வளர்ந்திருக்கிறது. கன்னட வழியிலும் ஆங்கில வழியிலும் படித்தவர்கள். வீட்டில் தமிழ், எழுத்தில் வேறு. இவர்களை விட்டுவிட்டு வாசகர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவது அநியாயம். 2023 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குரல் ஸ்டேட்டஸைக் கொண்டுவந்தது, முப்பது விநாடிக்கு. தாத்தாவின் குரலிலேயே முப்பது விநாடி போடலாம். ஒருவர் படிக்கப் பலர் கேட்ட ஊர்தானே இது. கேட்டுவிட்டு 'மீதியும் வேண்டும்' என்பவருக்கு, நீண்ட எழுத்தை வாசித்துப் பதிவுசெய்த ஒலியையும் சேர்த்து அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

ஆங்கிலோ இந்தியர்கள் இதைக் கொஞ்சம் முன்னதாகவே புரிந்துகொண்டார்கள். தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார், ஆங்கிலோ இந்தியச் சமையல் நூல்களால் பெயர்பெற்றவர். சமையல் குறிப்புகளை இணையத்திலும் தொடர்ந்து பகிர்ந்து வந்தவர். குழம்புக்கும் கேக்குக்கும் அளவு தேடி வந்த வாசகருக்கு, அந்தச் சமையல் எந்த பங்களாவில், எந்தக் கிறிஸ்துமஸுக்கு நடந்தது என்ற கதையும் கிடைத்தது. அவர் எழுதிய தங்கவயல் நினைவு நூலுக்குப் பெயர் 'டவுன் மெமரி லேன்'. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் குடியேறிய தங்கவயல் ஆங்கிலோ இந்தியர்கள் படிக்க ஒரு எழுத்து இருக்கிறது. லைன் வீட்டுத் தமிழர்களின் அடுப்புக்கும் அப்படி ஒரு எழுத்து வேண்டும். பூமிக்குள் எட்டு மணி நேரம் இருக்கப்போகிற ஆளுக்கு விடியற்காலையில் என்ன கட்டிக் கொடுத்தார்கள் என்பதை எந்தப் பாட்டியிடமும் கேட்டு ஒரு ஸ்டேட்டஸ் போட முடியும்.

சயனைட் மேட்டில் இன்னும் தங்கம்

எண்ணிக்கை பார்த்து மனம் உடைகிறவர்களுக்கு ஊரின் கணக்கையே சொல்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. மூடும் காலத்தில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஸ்டேட்டஸும் அப்படித்தான். பார்த்தவர் பட்டியல் நீளமாக இருக்கும். உள்ளே வந்து படிப்பவர் மிகச் சிலர். ஆனால் அரைத்துக் கொட்டிய மண், சயனைட் மேடுகளாக இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. அதிலும் தங்கம் மிச்சமிருக்கிறது என்று சொல்லித்தானே அதை மறுபடி எடுக்கும் பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது? பழைய ஸ்டேட்டஸ்களும் அப்படி மறுபடி எடுக்கத் தக்கவை. போன வருடம் போட்டு யாரும் படிக்காமல் போன வரியை, இந்த வருடம் வேறு நாளில், வேறு படத்தோடு போடலாம். நான் சொன்ன 2016 ஆய்விலும், புதிய சுட்டிகள் மட்டுமல்ல, நாள்பட்ட சுட்டிகளும் தொடர்ந்து திறக்கப்பட்டது தெரிந்தது.

நாள் பார்த்துப் போடுவதும் முக்கியம். 2024 ஆகஸ்ட் 15 அன்று பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. வட ஆற்காட்டு மக்கள் தங்கம் தேடிப் போன கதை என்பதால், தமிழ்நாட்டில் பலர் முதன்முறையாகத் தங்கவயலின் தமிழரைப் பற்றி விசாரித்தார்கள். இப்படி ஒரு வாசல் திறப்பது அபூர்வம். அந்த வாரத்தில் நீட்டுவதற்குக் கையில் நீண்ட எழுத்து தயாராக இருந்தவர்களுக்கு வாசகர் கிடைத்திருப்பார்கள். இல்லாதவர்கள் படத்தைப் பற்றிய சண்டையில் நேரத்தைச் செலவழித்தார்கள். ஸ்டேட்டஸ் போடும் திறமையைவிட, பின்னால் இருப்பை வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் வாசகரைத் தங்கவைக்கும்.

தமிழில் மிக அதிகம் பேர் படித்த ஸ்டேட்டஸ் எது என்று என்னைக் கேட்டால், 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன் எழுத்து வாழ்க்கை முடிந்துவிட்டதாக ஃபேஸ்புக்கில் அறிவித்ததைத்தான் சொல்வேன். 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிரான நெருக்கடியில் எழுதியது. அந்தச் சில வரிகளுக்குப் பிறகு அவர் நாவல்களை உலகமே தேடிப் படித்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதை வாசகரைப் பெருக்கும் உத்தி என்று யாராவது பாடம் எடுத்தால், அது ஒரு மனிதரின் வேதனைக்குச் செய்கிற அவமரியாதை. நான் இங்கே குறிப்பிடுவது வேறொன்றுக்காக. அந்த வரிகள் மெய்யாக இருந்தன. பின்னால் படிப்பதற்கு அவருடைய நாவல்களும் கதைகளும் ஏற்கெனவே அச்சில் இருந்தன. வெறும் கண்ணீர்ப் பதிவு போடுகிறவர்களிடம் இந்த இரண்டாவது இல்லை.

இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பிறகு

'தமிழன்' இதழ்கள் எப்படி நம் கைக்கு வந்தன? அரசு காப்பகம் காப்பாற்றித் தந்த கதை அல்ல அது. வாசகர்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை, 1950களில் அயோத்திதாசரின் எழுத்துகளைச் சிறு சிறு நூல்களாக மறுபடி அச்சிட்டது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய தாள்களைப் பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க முடிந்தது. 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட முடிந்தது. அதற்குப் பிறகு தமிழ்ச் சிந்தனை வரலாறே வேறு மாதிரி எழுதப்பட்டது. காலணாத் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப் போடாத சுரங்கத் தொழிலாளிகளுக்கு அதில் பங்கு இருக்கிறது.

இன்றைய தங்கவயலின் எழுத்து எங்கே இருக்கிறது? ஸ்டேட்டஸ் ஒரு நாளில் போய்விடுகிறது. ஃபேஸ்புக் பதிவு மறைவதில்லை, ஆனால் அடியில் போய்விடுகிறது; எழுதியவரே தேடினாலும் கிடைப்பதில்லை. கைபேசி தொலைந்தால் அப்பாவின் படமும் தொலைகிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபமும் துக்கமும் ஒன்றாக வருகின்றன. யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிக்கப்பட்ட வலியைச் சுமந்த ஈழத் தமிழர்கள், 2005-ல் தன்னார்வலர்களாகச் சேர்ந்து 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, துண்டுப் பிரசுரம், கல்யாண மலர், நினைவு மலர் முதற்கொண்டு சேர்த்துவைத்தார்கள். தங்கவயலுக்கு அப்படி ஒன்று வேண்டும். அதற்குக் கட்டடம் தேவையில்லை. இன்டர்நெட் ஆர்கைவ் இலவசம், தமிழ் விக்கிப்பீடியா இலவசம். தேதியும் இடமும் படத்தில் இருப்பவர் விவரமும் எழுதி, வீட்டார் சம்மதம் வாங்கி ஏற்றிவிடலாம். பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் தங்கவயல் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது.

அப்படி ஒரு இருப்பு உருவாகிவிட்டால், ஒவ்வொரு ஸ்டேட்டஸுக்கும் போய்ச்சேர ஒரு இடம் கிடைத்துவிடும். மின்சாரம் வந்த கதைக்கு ஒன்று, கைரேகைப் போராட்டத்துக்கு ஒன்று, நியூட்ரினோவுக்கு ஒன்று என்று நீண்ட எழுத்துகள் சேரும். கடைசி வரியைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். மூன்று எழுத்திலும் படிக்கிற ஊர் இது. தலைப்பில் 'கே.ஜி.எஃப்' என்று மட்டும் போடாதீர்கள், சினிமா விழுங்கிவிடும். 'மாரிக்குப்பம்' என்று போடுங்கள். 'ஆண்டர்சன்பேட்டை' என்று போடுங்கள். 'கோரமண்டல்', 'ராபர்ட்சன்பேட்டை', 'சாம்பியன் ரீஃப்' என்று போடுங்கள். அந்தப் பெயர்களை எந்தப் படமும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் ஸ்டேட்டஸ் என்ன போடுவது என்று கேட்பவர்களுக்கு: ஒரு கேள்வி போடுங்கள். எந்த ஷாஃப்ட், எந்த லெவல், எந்த லைன், கூட வேலை செய்தவர் யார். பதில் சொல்லத் தெரிந்தவர்களிடம் முதலில் கேளுங்கள். 1980களின் தொடக்கத்தில், இருபது வயதில், சாம்பியன் ரீஃபின் கிஃபர்ட் ஷாஃப்ட்டில் கேஜ் ஏறி இறங்கியவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள்.